மீட்பவர் பார்வையும் விடுபட்ட வரலாறும்: சோனாகாச்சி ஆவணப்படம் குறித்து ஒரு மதிப்பீடு

வட கொல்கத்தாவின் சோனாகாச்சி, இந்தியாவின் மிகப் பெரிய சிவப்பு விளக்குப் பகுதிகளுள் ஒன்றாகும். அங்குள்ள பாலியல் தொழிலாளர்களின் பிள்ளைகள் எண்மரை மையமாகக் கொண்டு ஜானா பிரிஸ்கியும் ராஸ் காஃப்மனும் இயக்கிய ‘பார்ன் இன்டு பிராத்தல்ஸ்’ என்னும் ஆவணப்படம் 2004இல் வெளிவந்து, 2005இல் ஆஸ்கார் விருது பெற்றது.

பிள்ளைகளிடமே ஒளிப்படக் கருவியைக் கொடுத்து, அவர்கள் கண்வழியே அச்சூழலைக் காட்டியது இப்படத்தின் சிறப்பாகும். அப்பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் பெறுவது எத்துணை அரிது என்பதையும் அது தெளிவாகப் பதிவுசெய்கிறது. ஆயினும், தாய்மார்கள் பெரும்பாலும் பிள்ளைகளின் முன்னேற்றத்திற்குத் தடையாக நிற்பவர்களாகவே இதில் தோன்றுகின்றனர். படத்தின் அடிப்படைக் குறை இதுவே எனலாம்.

அத்தாய்மார்களின் நிலைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம், ஆங்கிலேயப் படைவீரர்களின் நலனைக் காக்கும்பொருட்டு இப்பெண்களைப் பதிவுக்கும் கட்டாய மருத்துவச் சோதனைக்கும் உட்படுத்தியது. 1888இல் அது நீக்கப்பட்டது. பின்னர் வந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம் இத்தொழிலை நேரடியாகக் குற்றமாக்கவில்லை. எனினும், அவ்வருவாயில் தெரிந்தே வாழும் பதினெட்டு வயதைக் கடந்தோரைக் குற்றவாளிகளாக்கியது. தாயின் உழைப்பில் வளர்ந்த மகனும் இதனால் அச்சட்டத்தின் பிடிக்குள் வர நேர்கிறது.

இச்சூழலிலும் அப்பெண்கள் வாளாவிருக்கவில்லை. 1992இல் மருத்துவர் ஸ்மரஜித் ஜானா தொடங்கிய நலவாழ்வுத் திட்டத்தில் அவர்களே சக தொழிலாளர்களுக்கு நோய்த்தடுப்பைக் கற்பித்தனர். 1995இல் ‘தூர்பார்’ என்னும் அமைப்பையும், வட்டிக்காரர்களின் பிடியிலிருந்து விடுபட ‘உஷா’ கூட்டுறவுச் சங்கத்தையும் நிறுவினர். படம் எடுக்கப்பட்ட காலத்தில் இவை செயற்பட்டுக்கொண்டிருந்தும், படத்தில் இவற்றுக்கு இடமில்லை. விளைவாக, மாற்றம் வெளியிலிருந்து வரும் ஒருவரால் மட்டுமே இயலும் என்னும் எண்ணமே பார்ப்போர் மனத்தில் பதிகிறது.

சிறுமியர் கடத்தப்படுவதும் பெண்கள் வலிந்து இத்தொழிலில் தள்ளப்படுவதும் மறுக்கவியலாத உண்மைகள். அவர்களை மீட்பது கடமையே. ஆனால், பிள்ளையின் மீட்பு என்பது தாயிடமிருந்து பிரிப்பதாகவே முடிய வேண்டுமா? தாய் இத்தொழிலில் இருக்கிறார் என்பதற்காக மட்டுமே பிள்ளையைப் பிரிக்கலாகாது என்னும் குழுப் பரிந்துரை, 2022 மே மாதத்தில் இந்திய உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையில் எடுத்துரைக்கப்பட்டது. பிற்காலப் பரிந்துரையொன்றால் முற்காலப் படத்தை அளப்பது முறையன்று. எனினும், அப்பரிந்துரை கூறும் உண்மையைச் சோனாகாச்சிப் பெண்கள் அதற்கு முன்பே தம் அமைப்பின்வழி வலியுறுத்தி வந்தனர் என்பது நோக்கத்தக்கது.

பிள்ளைகளின் கண்களுக்கு மதிப்பளித்த இப்படம், தாய்மார்களின் குரலுக்கும் அதே மதிப்பை அளித்திருப்பின் முழுமை பெற்றிருக்கும். விளிம்புநிலை மக்களைப் பற்றிய படைப்புகளை வகுப்பறைக்குக் கொண்டு செல்வோர், யார் பேசுகின்றனர் என்பதோடு யார் பேச வைக்கப்படவில்லை என்பதையும் மாணவரிடம் வினவுதல் வேண்டும்.