மலிவு விலை ரீலோடிங் பிரஸ்: எதை நம்பலாம், எதைக் கண்காணிக்க வேண்டும்?

அமெரிக்காவில் துப்பாக்கி சுடுதலைப் போட்டியாகவோ பொழுதுபோக்காகவோ வைத்திருப்பவர்களில் பலர் தங்கள் தோட்டாக்களைத் தாங்களே தயாரித்துக்கொள்கிறார்கள். சுட்ட பிறகு வெளியே விழும் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிச் சுத்தம் செய்து, புதிய பிரைமர் (அடித்தால் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), வெடிமருந்து, குண்டு ஆகியவற்றை வைத்து மறுபடியும் தோட்டாவாக்கும் வேலைக்கு ரீலோடிங் என்று பெயர். 2020, 2021 ஆண்டுகளில் அங்கே தோட்டாவுக்குக் கடும் தட்டுப்பாடு வந்தபோது புதிதாகப் பலர் இதில் இறங்கினார்கள். எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: விலை குறைந்த புரோகிரசிவ் பிரஸ்ஸை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம் என்பதே என் பதில். ஆனால் அந்த இயந்திரத்தில் எந்தப் பகுதியை நம்பி விட்டுவிடலாம், எந்தப் பகுதியில் கண்ணை வைத்தபடியே இருக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும். இந்த வேலையில் இயந்திரம் செய்யும் தவறு நேரத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை; விரலுக்கும் கண்ணுக்கும் ஆபத்தாக முடியலாம்.

என்ன வேலை, எப்படி நடக்கிறது?

சிங்கிள் ஸ்டேஜ் பிரஸ்ஸில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு டை, அதாவது கூட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சு. ஒவ்வொரு கூட்டுக்கும் ஒவ்வொரு கட்டமாகக் கைப்பிடியை இழுக்க வேண்டும். புரோகிரசிவ் பிரஸ்ஸில் கூடுகள் ஒரு வட்டத் தட்டில் வரிசையாக நிற்கும். கைப்பிடியை ஒருமுறை இழுத்துவிட்டால் முதல் நிலையில் பழைய பிரைமர் வெளியேறிக் கூடு சரியான அளவுக்குத் திரும்புகிறது. புதிய பிரைமர் அமர்கிறது. அடுத்த நிலையில் மருந்து விழுகிறது. அதற்கடுத்து குண்டு உட்காருகிறது. கடைசியில் கூட்டின் வாய் இறுகுகிறது. தட்டு நிரம்பிய பிறகு ஒவ்வோர் இழுப்புக்கும் ஒரு முழுத் தோட்டா.

இந்தச் சந்தையின் கீழ்ப்படி 200 முதல் 400 டாலர் வரை. விஸ்கான்சின் மாநிலத்தில் ஹார்ட்ஃபோர்டில் இயங்கும் லீ பிரிசிஷன், 1958-ல் கையடக்கமான லீ லோடரோடு தொடங்கி, சாதாரண வருமானக்காரருக்கும் இந்தப் பொழுதுபோக்கைத் திறந்துவிட்ட நிறுவனம். நான்கு நிலை, ஆறு நிலை புரோகிரசிவ் பிரஸ்களை இந்த விலையை ஒட்டியே தருகிறது. மேல்படியில் நெப்ராஸ்காவின் ஹார்னடியும் அரிசோனாவின் டில்லனும் இருக்கின்றன. டில்லனின் 550, 750 மாதிரிகளுக்குக் கீழ்ப்படியைப் போல இரு மடங்கும் அதற்கு மேலும் கொடுக்க வேண்டும். நான் இயக்கிப் பார்த்தது கீழ்ப்படியைச் சேர்ந்த ஒரு நான்கு நிலை இயந்திரம், 9 மி.மீ. தோட்டாவுக்கு. இங்கே நான் சொல்லும் குறைகளை ஒரு நிறுவனத்தின் கணக்கில் எழுத வேண்டாம்; மலிவு விலைக்காகச் செய்யப்படும் சமரசங்கள் எங்கே தலைகாட்டுகின்றன என்பதுதான் இங்கே பேச்சு.

நம்பக்கூடிய பகுதிகள்

சட்டகமும் டையும் என்னை ஏமாற்றவில்லை. கைத்துப்பாக்கிக் கூட்டை அளவுக்குக் கொண்டுவரப் பெரிய பலம் தேவையில்லை. அலுமினிய வார்ப்பே தாராளமாகத் தாங்குகிறது. கார்பைடு டை என்பதால் கூட்டுக்கு எண்ணெய் தடவ வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் லேசாகத் தடவிக்கொண்டால் கைப்பிடி ஒரே சீராக இறங்கும். சீராக இறங்கினால் மருந்து சிந்தாது. தோட்டாவின் மொத்த நீளமும் ஒன்றுக்கொன்று ஒத்து வந்தது.

மருந்து அளக்கும் கருவியும் நம்பகமானதே. கூடு வந்து தொட்டால்தான் மருந்து விழும் அமைப்பு இப்போது மலிவு இயந்திரங்களிலும் வந்துவிட்டது. உருண்டையான சிறு மணிகளாக இருக்கும் மருந்து என்றால் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே அளவு விழுகிறது. பெரிய செதில்களாக இருக்கும் மருந்தில் அளவு கொஞ்சம் முன்பின்னாகும்.

எல்லாத் தொல்லையும் தொடங்கும் இடம்

பிரைமர் ஊட்டும் பகுதிதான் இந்த விலை வகுப்பின் பலவீனம். கைத்துப்பாக்கியின் சிறிய பிரைமர் 4.45 மி.மீ. விட்டம் கொண்டது. சரிவான பிளாஸ்டிக் வாய்க்காலில் ஒன்றன்பின் ஒன்றாகச் சறுக்கி வர வேண்டும். பின்னால் நிற்பவற்றின் எடைதான் முன்னால் நிற்பதைத் தள்ளுகிறது. வாய்க்கால் நிறைந்திருக்கும்வரை கவலையில்லை. கடைசிச் சில பிரைமர்கள் மட்டும் எஞ்சும்போது தள்ள ஆளில்லாமல் நின்றுவிடும். அதனால் வாய்க்காலைக் காலியாக விடக் கூடாது என்பது முதல் விதி.

ஒரு பிரைமர் வராமல் போனால் என்ன ஆகும் என்று பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். பிரைமர் இல்லாத கூடு அடுத்த நிலைக்கு நகர்கிறது. அதற்குள் மருந்து விழுகிறது. கூட்டின் அடியில் இருக்கும் சிறு துளை வழியாக அந்த மருந்து மணல்போல ஒழுகித் தட்டின் மேல் பரவுகிறது. தட்டு சுழலும்போது சில மணிகள் அதன் அடியில் புகுகின்றன. வேறு சில பிரைமரைத் தூக்கி வைக்கும் தண்டின் வாயில் போய் உட்காருகின்றன. அடுத்த பிரைமர் சாய்ந்து நிற்கிறது. கைப்பிடியை மேலே தள்ளும்போது வழக்கமான மெல்லிய அழுத்தம் இல்லாமல் கரகரப்பாக ஒரு தடை. அந்தத் தடையை உணர்ந்தவுடன் கை நிற்க வேண்டும். பலத்தைப் போட்டு அழுத்தினால், பிரைமர் என்பது அடித்தால் வெடிக்கும் பொருள் என்பதை அது நினைவூட்டிவிடும்.

ஒரு தூரிகை, ஒரு இடுக்கி, அழுத்தக் காற்றுக் குப்பி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இந்தத் தடை சில நிமிட வேலை. மேல்படி இயந்திரங்களிலும் மருந்து சிந்தத்தான் செய்கிறது. ஆனால் அவற்றில் பிரைமர் நகரும் பாதை உலோகத்தில், நெருக்கமான அளவில் செய்யப்பட்டிருப்பதால் தடை அரிது.

பழியை முழுக்க இயந்திரத்தின் மேல் போடவும் முடியாது. ராணுவத்துக்காகச் செய்த கூடுகளில் பிரைமர் குழியின் விளிம்பு இறுக்கி மடிக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்பை நீக்காமல் போட்டால் எந்த விலை இயந்திரமும் திணறும். தட்டில் ஏற்றும் முன் கூடுகளை ஒருமுறை தரம் பிரித்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

தட்டு சுழல்வதும் மருந்து இருமுறை விழுவதும்

தட்டு தானாகச் சுழன்று சரியான இடத்தில் நிற்பதற்கு இண்டெக்ஸிங் என்று பெயர். மலிவு இயந்திரங்களில் இதைச் செய்வது பெரும்பாலும் பிளாஸ்டிக் பாகங்கள். தேயும், மாற்ற வேண்டும், விலை அதிகமில்லை. பாதி இழுப்பில் கைப்பிடியை நிறுத்திப் பின்வாங்கும் பழக்கம் இருந்தால் இன்னும் சீக்கிரம் தேயும். முழு இழுப்பு, முழுத் தள்ளல், அவசரமில்லாத ஒரே தாளம்: இதைப் பழகியவர் கையில் அதே இயந்திரம் வேறு இயந்திரமாகத் தெரியும்.

நம்பகத்தன்மையின் உண்மையான சோதனை வேலை தடைபடும் நேரத்தில்தான். சிக்கலைத் தீர்க்கக் கைப்பிடியை முன்னும் பின்னும் அசைக்கும்போது ஒரே கூட்டில் இருமுறை மருந்து விழ வாய்ப்பிருக்கிறது. ஒரு கூட்டில் விழாமலே போகவும் வாய்ப்பிருக்கிறது. 9 மி.மீ. தோட்டாவுக்கு வேண்டிய மருந்து சுமார் 4 முதல் 6 கிரெயின், அதாவது ஏறக்குறைய 0.3 கிராம். வேகமாக எரியும் சில மருந்துகள் இரு மடங்கு விழுந்தாலும் கூட்டுக்குள் அடங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. இந்தத் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பான சாமி வகுத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. இரட்டை மருந்து அதைத் தாண்டித் துப்பாக்கியையே உடைக்கும். மருந்தே இல்லாத தோட்டாவில் பிரைமரின் விசை மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளி நிறுத்திவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வீங்கும்.

ஆகவே தடை வந்தால் தட்டில் இருக்கும் எல்லாக் கூடுகளையும் எடுத்துவிட வேண்டும். மருந்தைக் கொட்டிவிட்டு முதலில் இருந்து தொடங்குவதே பாதுகாப்பு. கூட்டைப் பாதிக்கு மேல் நிரப்பும் பருமனான மருந்தைத் தேர்ந்தெடுத்தால் இருமுறை விழுந்ததும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் பார்வை போக வேண்டும். அதற்குச் சட்டகத்தின் உள்ளே ஒரு சிறு எல்.இ.டி. விளக்கு அவசியம்.

மருந்தின் அளவு தவறினால் பிரஸ்ஸையே நிறுத்திவிடும் ஆர்.சி.பி.எஸ். லாக்அவுட் டை போன்ற கருவிகள் உண்டு. அவற்றுக்குத் தனியாக ஒரு நிலை வேண்டும். நான்கு நிலை இயந்திரத்தில் குண்டு உட்காருவதற்கும் வாய் இறுகுவதற்கும் தனித்தனி டை வைத்துவிட்டால் காலி இடம் இருக்காது. வாங்கும்போது நிலைகளின் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். சில டாலர்கள் கூடினாலும் ஐந்து, ஆறு நிலை கொண்டதையே வாங்குங்கள். விலை கூடிய டில்லன் 550-லும் நான்கே நிலைதான். தட்டையும் கையால் சுழற்ற வேண்டும். அங்கே இயந்திரம் உறுதியானது என்றாலும் சுழற்ற மறந்தால் காப்பாற்ற எதுவுமில்லை.

யாருக்கு ஏற்றது?

மாதத்துக்குச் சில நூறு தோட்டா, ஒரே அளவு, பொறுமையாகச் சரிசெய்து பழக மனம் இருப்பவருக்கு மலிவு புரோகிரசிவ் நல்ல முதலீடு. வாரந்தோறும் போட்டிக்குப் போய் ஆயிரக்கணக்கில் சுடுபவர் மேல்படிக்கே போகலாம். டில்லன் தன் பொழுதுபோக்கு இயந்திரங்களுக்குத் தரும் வாழ்நாள் உத்தரவாதம் அந்த விலையை நியாயப்படுத்துகிறது. ரைபிள் தோட்டாவைத் துல்லியத்துக்காகத் தயாரிப்பவருக்கும் இந்த வேலையை முதன்முதலாகக் கற்பவருக்கும் சிங்கிள் ஸ்டேஜ்தான் சரி. ஒவ்வொரு கட்டத்தையும் தனியாகச் செய்து பார்த்தவருக்கே புரோகிரசிவில் எது தவறுகிறது என்று கைக்குத் தெரியும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி சொந்த உபயோகத்துக்குச் செய்துகொள்ள உரிமம் தேவையில்லை. விற்பனைக்குச் செய்தால் தேவை. மாநிலச் சட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம்.

என் தீர்ப்பு: சட்டகம், டை, மருந்து அளவு மூன்றிலும் மலிவு இயந்திரம் கொடுத்த காசுக்குக் குறைவைக்கவில்லை. பிரைமர் ஊட்டலிலும் இண்டெக்ஸிங்கிலும் அது தராத உறுதியை நீங்கள்தான் கவனத்தால் ஈடுசெய்ய வேண்டும். மணிக்கு எத்தனை தோட்டா என்ற பெட்டியின் மேல் இருக்கும் எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல தராசு, பாதுகாப்புக் கண்ணாடி, மருந்து நிறுவனமே வெளியிடும் அளவுக் கையேடு மூன்றையும் முதலில் வாங்குங்கள். பிரஸ் அதற்குப் பிறகு வரட்டும்.