பட்சணமும் வசனமும்

சமையல் புஸ்தகத்தை யாரும் இலக்கிய விமர்சனத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு அதில் சம்மதமில்லை. நாவல் ஒன்றுகூட இல்லாத வீடுகளில் எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ இருப்பதைக் கண்டிருக்கிறேன். புக்ககம் போகிற பெண்ணின் பெட்டியில், புடவைகளுக்கு நடுவே வைத்து அனுப்பிய புஸ்தகம் அது.

தலைப்பையே பாருங்கள். ‘சமை’ என்றிருந்தால் வெறும் அதிகாரம். ‘சமைத்துப் பார்’ என்னும்போது, கெட்டுப்போனால் போகிறது, செய்துதான் பாரேன் என்று ஒரு தைரியமும் கூடவே வந்துவிடுகிறது. கதாசிரியர்கள் பொறாமைப்பட வேண்டிய தலைப்பு.

எழுதுகிறவன் யாரை எதிரே உட்கார்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறான் என்பதைப் பொறுத்தது வசன நடை. இந்த அம்மாளின் எதிரே இருந்தவள், தாயாரோ மாமியாரோ பக்கத்தில் இல்லாமல், அயலூரில் தனியாக அடுப்பு மூட்டும் பெண் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதனால்தான் ஆழாக்கு, பலம் என்று கணக்காகச் சொல்கிறார். (எட்டு ஆழாக்கு ஒரு படி; பலம் ஏறக்குறைய 35 கிராம். 1958-ல் தொடங்கி மெட்ரிக் எடைகள் வந்துவிட்டதால் பிற்பாடு வந்தவர்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான்.) பின்னால் வந்த எத்தனையோ புஸ்தகங்களில் உப்பும் ‘தேவையான அளவு’, எண்ணெயும் ‘தேவையான அளவு’. தேவை எவ்வளவு என்று தெரிந்தவள் புஸ்தகத்தை ஏன் வாங்குகிறாள்? ‘பொன்னிறமாக வந்ததும்’ என்பதும் இந்த ஜாதிதான். கதைகளில் வரும் சந்திர வதனத்தைப் போல, எழுதியவர் பார்க்காமலே எழுதிவிடக்கூடிய நிறம் அது.

சீடை எண்ணெயில் வெடிக்கிறது. இறுக்கி உருட்டினால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லை, அதனால் வெடிக்கிறது. ‘இறுக்காமல் உருட்டு’ என்று மட்டும் எழுதினால் அவசரத்தில் பெண் மறந்துவிடுவாள். காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் கை தானாகவே தளரும்.

அதிரசத்தில்தான் எல்லா வசனமும் தோற்றுப்போகிறது. பாகில் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வர வேண்டும் என்று எழுதிவிடலாம். எத்தனை மிருதுவாக? இளம்பாகானால் எண்ணெயில் பிரிந்துபோகும், முற்றினால் கல். இரண்டுக்கும் நடுவே இருப்பது சிறிது நேரம்தான். இருபது வருஷமாகக் கதை எழுதுகிறேன்; அந்தச் சிறிது நேரத்தை எழுத எனக்கும் வரவில்லை.

புஸ்தகம் பார்த்துச் செய்கிறவர்களை என் தாயார் பரிகாசம் செய்வார். தீபாவளிக்குப் பாகு காய்ச்சுகிறபோது என் மனைவியை அடுப்பருகே விட்டதே இல்லை. அவர் காலமாகி, வருஷாப்திகமும் ஆன பிறகு வந்த தீபாவளிக்கு, என் மனைவி முதல் தடவையாக அதிரசம் செய்தாள். கல்தான். புஸ்தகத்தைக் குறை சொல்ல முடியாது; இறக்குவதில் கை தாமதித்துவிட்டது. குழந்தைகள் முகத்தைப் பார்த்துக்கொண்டு மரியாதைக்கு ஆளுக்கு ஒன்று தின்றார்கள்.

அன்று இரவு அவள், தான் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்த அந்தப் பிரதியைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தாள். கடைசிக் காலிப் பக்கத்தில் பென்ஸில் எழுத்து. என் தாயாருடையது.

“அதிரசம். வெல்லம் ஊருக்கு ஊர் மாறும். கண்ணை எடுக்காதே. வாசனை மாறுவதற்கு முன்னால் இறக்கிவிடு.”

எப்போது எழுதினாரோ! மறுநாள் மறுபடியும் மாவு இடித்தாள். இந்த ஈடு அவ்வளவு மோசமில்லை. அந்தப் பிரதியை நாங்கள் இப்போது யாருக்கும் இரவல் கொடுப்பதில்லை.