மிகுதியை அறியும் ரிலே

வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் உவந்தளிக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் விளங்கும் காரைக்குடியில், பாட்டரியின் சுபாவத்தைப் பற்றிச் சிந்திப்பது மிகவும் பொருத்தமே.

செட்டிநாட்டு வெயிலில், சோலார் பேனல் நடுப்பகலுக்கு முன்பே பாட்டரியை நிரப்பிவிடுவதுண்டு. நிறைந்த 12 வோல்ட் ஈய-அமிலப் பாட்டரியில் மேலும் மின்சாரத்தைப் புகுத்தினால், உள்ளிருக்கும் நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து விரயமாகும். தடுத்து நிறுத்தினாலோ, வெயில் வீணாகும். இவ்விரு நஷ்டங்களையும் ஒருங்கே தவிர்ப்பது, உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரிலே என்னும் மின்காந்த சுவிட்ச்.

பாட்டரியின் மின்னழுத்தம் 14.2 வோல்ட்டைத் தொட்டதும், ரிலேயின் கம்பிச்சுருள் காந்தமாகி இரும்புத் துண்டை 'டக்'கென்று இழுக்க, மிகுதி மின்சாரத்தால் அண்டா நீரைக் காய்ச்சும் ஹீட்டர் சூடேறத் தொடங்குகிறது; 13 வோல்ட்டுக்கு இறங்கியதும் தொடர்பு அறுகிறது. ஹீட்டர் ஓடத் தொடங்கியவுடன் அழுத்தம் சற்றே சரிவது இயல்பாதலால், இவ்விரு எல்லைகளுக்கும் இடைவெளி இல்லையேல், ரிலே ஓயாது துடித்துத் தன் தொடுமுனைகளைத் தானே தீய்த்துக்கொள்ளும். அந்த இடைவெளியில்தான் இந்த அமைப்பின் விவேகம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரு யூனிட் மின்சாரம் 20 லிட்டர் நீரை 40 டிகிரிக்கு மேலாகவே சூடேற்ற வல்லது. பகலின் மிகுதியைத் தானே அறிந்து அண்டாவில் வெந்நீராகச் சேர்த்து, இரவு விளக்குக்குரிய பங்கைத் தொடாமல் காக்கும் இச்சிறு கருவி, வரவறிந்து செலவிடும் கணக்குப்பிள்ளைக்குரிய மரியாதைக்கு முற்றிலும் தகுதியுடையது.