சித்தன்னவாசல்: அசை பிரிக்க ஒரு மலை

சித்தன்னவாசல் போய்வருகிறவர்கள் தாமரைக் குளத்து ஓவியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்கள். போகட்டும், அதற்குத் தகும். என்னைக் கட்டிப்போட்டதோ, அந்த ஓவியம் இருக்கும் சமணக் குடைவரையான அறிவர் கோயில் முகப்பின் தென்கோடியில் பாறையில் வெட்டியிருக்கும் கல்வெட்டு! 9ஆம் நூற்றாண்டு, பாண்டிய மன்னன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலம். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோயிலைப் புதுப்பித்த செய்தி. திருப்பணிக் கணக்கைச் செய்யுளில் எழுதியிருக்கிறார்கள் ஐயா, செய்யுளில்!

செய்யுள் என்றதும் வாய் தானாக அசை பிரிக்க ஆரம்பித்துவிட்டது. இளங்/கௌ/தமன்: நிரை நேர் நிரை, புளிமாங்கனி. ஊரின் பழைய பெயர் அண்/ணல்/வா/யில்: நாலும் நேர், தேமாந்தண்பூ. இன்றைய பெயர் சித்/தன்/னவா/சல்: தேமாநறும்பூ. பள்ளிக்கூடத்தில் வேம்பாய்க் கசந்த வாய்பாடு, இந்தப் பாறையடியில் கற்கண்டாய் இனிக்கிறது!

இந்த ருசி ஏறிய பிறகு, பிடிபடாமல் தண்ணி காட்டிவந்த ஆங்கில அழுத்தமும் வழிக்கு வந்தது. கனடா என்பதில் ஆங்கிலேயர் ‘க’வை அழுத்துகிறார், அலாஸ்கா என்றால் ‘லாஸ்’ஸை. ஏன்? ஈற்றயல் அசையில் நெடிலோ ஒற்றோ இருந்தால் அது கனம். அழுத்தம் அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். வெறும் குறில் என்றால் ஒரு படி முன்னே தாவிவிடும். அஜெண்டாவில் ‘ஜெண்’, சினிமாவில் ‘சி’. விலக்குகள் உண்டு, ஆனால் பெயர்ச்சொற்களில் பெரும்பாலும் இதுதான் சட்டம்.

நம்மவர்கள் எழுத்தின் அளவை வேறு விதமாக ஆண்டிருக்கிறார்கள். குறில் தனியே நிற்கக் கூசி அடுத்த எழுத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும். அதனால் ‘பலா’ ஒரே அசை, நிரை. நெடிலுக்கு யார் துணையும் வேண்டாம். ‘பால’ இரண்டு அசை, நேர் நேர். எந்த எழுத்தையும் ஓங்கி அடிக்காமலே ஓசை நடக்கிறது. இதையெல்லாம் யாப்பருங்கலக்காரிகையில் வகுத்துவைத்த அமிதசாகரரும் சமணரே என்பதை, இதே மலையில் சமணத் துறவிகள் படுத்த ஏழடிப்பட்டக் குகையின் கற்படுக்கைகளைப் பார்த்துக்கொண்டே நினைத்தால் புல்லரிக்கிறது.

அறிவர் கோயில் கருவறைக்குள் போய் மெல்ல ‘ம்’ என்று இழுத்துப் பாருங்கள். சுருதி சரியாக அமைந்துவிட்டால் குகையே கூடச் சேர்ந்து ரீங்கரிக்கும்!

ஆசை அடங்கவில்லையா? அன்னவாசல் தாண்டிக் குடுமியான்மலைக்கு விடுங்கள் வண்டியை. குடு/மியான்/மலை, கருவிளங்கனி! அங்கே இசைக் கல்வெட்டு இருக்கிறது. ர, ரி, ரு, ரெ என்று ஒரே சுரத்தை உயிர் மாற்றி மாற்றி வெட்டி வைத்திருக்கிறார்கள், வரிவரியாக. கிரந்த எழுத்து தெரிந்த நண்பர் யாராவது இருந்தால் கையோடு இழுத்துக்கொண்டு போங்கள்.