செட்டிபாளையத்து வளைவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கார் பந்தயம் பார்க்க முதல்முறை போகிறவர்கள் நேர்பாதை ஓரமாகத்தான் இடம் பிடிப்பார்கள். வேகம் அங்கேதான் அதிகம் என்று நினைப்பு. நானும் அப்படித்தான் நின்றேன். வண்டிகள் விர்ரென்று போயின. முன்னால் போனது யார், பின்னால் வந்தது யார் என்று பிடிபடுவதற்குள் சத்தமே ஓய்ந்துவிட்டது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தேன், மறுபடியும் அதே விர்ர். நாலாவது சுற்றில் அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். கூட வந்த மாமாதான், "இங்க நின்னா ஒண்ணும் தெரியாது கண்ணு, வளைவுக்குப் போலாம் வா" என்று எழுப்பிக் கூட்டிப் போனார்.

மாமா மதுக்கரையில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர். ஓடுகிற மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே பேரிங் போயிருக்கிறதா, பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். பந்தயத்தையும் அவர் பாதி காதால்தான் பார்ப்பார். அவரிடம் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் மதுக்கரை வட்டத்துச் செட்டிபாளையத்தில் இருக்கிறது கரி மோட்டார் ஸ்பீட்வே. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். ஆண்டின் பின்பாதியில் தேசியப் போட்டித் தொடர்களின் பந்தயங்கள் இங்கே நடக்கும். கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தும் ஒருமுறைகூட அந்த வாசலைத் தாண்டாதவர்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு, நமக்கு என்ன புரியப் போகிறது என்பார்கள். லேத்து, பவுண்டரி, பம்பு மோட்டார் என்று வாழ்கிற ஊர்க்காரர்கள் அப்படிச் சொல்வதில் எனக்கு வருத்தம் உண்டு. இந்த விளையாட்டைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியானவர்கள் யார் இருக்கிறார்கள்?

முதலில், நேர்பாதை முடிந்து வளைவு தொடங்குகிற இடத்துக்குப் போய்விடுங்கள். பார்க்க வேண்டியது பிரேக்கை. நேர்பாதையில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடிக்க யாராலும் முடியும். அந்த வேகத்தில் வந்து, எந்த இடத்தில் காலை எடுத்து பிரேக்கில் வைக்கிறார் என்பதில்தான் ஓட்டுநரின் நெஞ்சுரம் தெரியும். ஓரத்தில் இருக்கிற ஏதாவது ஒரு கம்பத்தையோ விளம்பரப் பலகையையோ குறி வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் அந்தப் பலகைக்கு முன்னாலேயே பிரேக் பிடிப்பார், இன்னொருவர் பலகையைத் தாண்டிய பிறகு பிடிப்பார். இரண்டு சுற்று பார்த்தாலே யார் யாரைப் பிடிக்கப் போகிறார் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

அந்தச் சின்ன வித்தியாசத்தின் மதிப்பை ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். 2.1 கிலோமீட்டரை எழுபது விநாடியில் சுற்றுகிற வண்டியின் சராசரி வேகம் மணிக்கு 108 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 30 மீட்டர். ஒரு சுற்றில் பத்தில் ஒரு விநாடி பிந்தினால் 3 மீட்டர் பின்தங்கியாயிற்று, கிட்டத்தட்ட ஒரு கார் நீளம். கண் இமைக்கிற நேரம்கூட இல்லை. பத்துச் சுற்றில் அது 30 மீட்டர் ஆகிவிடும்.

வளைவுக்குள் வண்டி போகிற தடத்தையும் கவனியுங்கள். வெளியோரத்திலிருந்து உள்ளே வெட்டி, உள்முனையை உரசி, மறுபடி வெளியோரத்துக்கு விரிந்து போவார்கள். வளைவை முடிந்த மட்டும் நேராக்கிக்கொள்கிறார்கள், அவ்வளவுதான். எதிராளி உட்பக்கம் நுழைந்துவிடாமல் இருக்க ஒருவர் அந்தத் தடத்தை விட்டு உள்ளேயே ஒட்டி ஓட்டினால் வளைவு அவருக்குக் கூர்மையாகிவிடும், வெளியே வரும்போது வேகம் குறையும். இடத்தைக் காப்பாற்றப் போய் அடுத்த நேர்பாதையில் அதே இடத்தைப் பறிகொடுப்பார். இதைக் கண்ணால் கண்ட பிறகு எனக்குப் பந்தயம் சதுரங்கம் போலத் தெரிய ஆரம்பித்தது.

இனி காது. மாமா என்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்ன நேரம் நன்றாக நினைவிருக்கிறது. நேர்பாதை முடிவில் எஞ்சின் சத்தம் உச்சிக்குப் போய்ச் சட்டென்று அறுபடும். அதுதான் பிரேக். உடனே இரண்டு மூன்று குட்டி உறுமல்கள் அடுத்தடுத்து வரும். கியர் இறங்குகிறது. கியரை இறக்கும்போது எஞ்சின் சுழற்சியும் சக்கரத்தின் சுழற்சியும் ஒத்துப்போகாவிட்டால் பின்சக்கரம் ஒரு கணம் பிடித்து இழுத்து, வண்டி நிலை குலையும். அதனால் வலது பாதத்தின் ஒரு பக்கம் பிரேக்கை அழுத்தியபடி இருக்க, அதே பாதத்தின் மறுபக்கத்தால் ஆக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டுவார்கள். அந்தத் தட்டல்தான் நமக்கு உறுமலாகக் கேட்கிறது. பிறகு ஒரு சின்ன அமைதி. அமைதி முடிந்து சத்தம் மறுபடி ஏறத் தொடங்குகிற கணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அது யாருக்குச் சீக்கிரம் வருகிறதோ அவருக்கே அடுத்த நேர்பாதை. ஏறிய சத்தம் நடுவில் தயங்கி மறுபடி ஏறினால், சக்கரம் வழுக்கி அவர் காலைத் தளர்த்தியிருக்கிறார் என்று அர்த்தம்.

நம் ஊர் நோம்பிகளில் ஜமாப் மேளம் அடிக்கும்போது ஒருவர் அடி பிசகினால் கூட்டத்தில் ஆடுகிறவர்களுக்குக் காலே சொல்லிவிடும். இதுவும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் அதே இடத்தில் அதே அடிகள் விழுகின்றனவா என்று கேட்டுப் பழகினால், நல்ல ஓட்டுநரை முகம் பார்க்காமலே அடையாளம் கண்டுவிடலாம்.

சனிக்கிழமையே போக முடிந்தால் குவாலிஃபையிங்கைத் தவற விடாதீர்கள். நம் பெரியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம், ரேக்ளா பார்த்தவர்களுக்கு ஒரே வரியில் புரியும். கொங்கு நாட்டு ரேக்ளாவில் 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரம் குறித்து, காளை ஜோடி கடிகாரத்தோடு மோதும். குவாலிஃபையிங்கும் அதுவே. அதில் எடுத்த நேரத்தை வைத்துத்தான் மறுநாள் யார் எந்த வரிசையில் நின்று புறப்படுவது என்று முடிவாகும்.

எந்தப் பிரிவைப் பார்ப்பது என்று கேட்டால், எல்லாரும் ஒரே மாதிரி வண்டி ஓட்டுகிற பிரிவு என்பேன். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 அப்படிப்பட்டது. எல்.ஜி.பி. கோயம்புத்தூர் நிறுவனம், நம் பைக்குகளில் ஓடும் ரோலான் செயின் அவர்களுடையது. பைக் பிரியர்களுக்கு ராயல் என்ஃபீல்டு கான்டினென்டல் ஜி.டி. 650 ஓடும் போட்டி இருக்கிறது. வண்டி ஒன்றே என்றால் வித்தியாசம் ஆளிடம்தான். முதல் இடத்துக்காரர் தனியாகப் பிரிந்து போய்விட்டால் அவரை விட்டுவிடுங்கள். ஆறாவது, ஏழாவது இடத்துக்கு முட்டி மோதுகிற இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்துக் கடைசிவரை அவர்களையே பாருங்கள். நான் பார்த்ததில் மனதில் நிற்கிற பந்தயங்கள் எல்லாம் அப்படிப்பட்ட ஏழாம் இடத்துச் சண்டைகள்தான். ஜெயித்தவர் பெயர்கூட மறந்துவிட்டது.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஜூன் முதல் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வீசும் காற்று எங்கள் பக்கம் துணி காயப்போட விடாது. முதுகில் காற்று வாங்கி வருகிற வண்டி வளைவுக்குக் கூடுதல் வேகத்தோடு வரும், அதனால் முன்கூட்டியே பிரேக் பிடிக்க வேண்டும். எதிர்க்காற்றில் முன்னால் போகிறவரின் நிழலில் ஒட்டிக்கொண்டு போகிறவருக்கு லாபம். மேற்கே மலைப்பக்கம் கருத்தால் எல்லாக் கணக்கும் மாறும்.

கொடிகளில் நாலு தெரிந்தால் போதும். மஞ்சள் என்றால் முன்னே ஆபத்து, முந்தக்கூடாது. நீலம், வேகமான வண்டி பின்னால் வருகிறது. சிவப்பு, பந்தயம் நிறுத்தம். கறுப்பு வெள்ளைக் கட்டம், முடிந்தது.

சினிமாவில் பார்த்த பந்தயத்தை மனதில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அங்கே கேமரா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும், சலிப்பான நிமிடங்களை வெட்டியிருப்பார்கள். இங்கே இடைவெளிகள் உண்டு. அந்த நேரத்தில்தான் கட்டிக்கொண்டு போன தக்காளிச் சோற்றைப் பிரிப்பதும், யார் முந்துவார் என்று நண்பர்களோடு பந்தயம் கட்டுவதும். நடிகர் அஜித் குமார் 2002-இல் ஃபார்முலா மாருதி ஓட்டியதும், 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய அணி தன் பிரிவில் மூன்றாவது வந்ததும் பல இளைஞர்களை டிராக் பக்கம் திருப்பியிருக்கிறது. நல்லதுதான்.

அந்த ஃபார்முலா மாருதி எங்கிருந்து வந்தது என்பதையும் அந்த இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கோயம்புத்தூர் மில் குடும்பத்தில் பிறந்த எஸ். கரிவர்தன், மாருதி 800-இன் எஞ்சினை வைத்து, பெரிய பணம் இல்லாதவரும் ஓட்டும்படி ஒற்றை இருக்கைப் பந்தயக் காரை வடிவமைத்தார். வீட்டில் காய்கறி வாங்கப் போன காரின் எஞ்சின் அது, மூன்று சிலிண்டர். கரிவர்தன் 1995-இல் விமான விபத்தில் இறந்துவிட்டார். நரேன் கார்த்திகேயன் தன் முதல் பந்தயத்தை ஸ்ரீபெரும்புதூரில் ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். 2005-இல் அவர் ஃபார்முலா 1-க்குப் போன முதல் இந்தியர் ஆனார். செட்டிபாளையம் டிராக்குக்குக் கரிவர்தனின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கரி என்பது அவர்தான்.

பந்தயம் முடிந்ததும் உடனே கிளம்பிவிட வேண்டாம். அனுமதி உண்டென்றால், வண்டிகளைச் சரிபார்க்கிற பிட் பக்கம் போய் நில்லுங்கள். எண்ணெய்க் கையோடு மெக்கானிக்குகள் சக்கரத்தைக் கழற்றுவார்கள். டயரின் தேய்மானத்தை விரலால் தடவிப் பார்த்து, அந்த ஓட்டுநர் எந்த வளைவில் வண்டியை வருத்தினார் என்று பேசிக்கொள்வார்கள். மாமா அங்கே நின்றால் நகரவே மாட்டார். வண்டியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் போதும், அவர்களும் சலிக்காமல் பதில் சொல்வார்கள்.

அடுத்த பந்தயத்துக்குப் போகும்போது உங்கள் வீட்டிலோ தெருவிலோ பட்டறையில் வேலை பழகுகிற பையனோ பெண்ணோ இருந்தால், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.