தோல் புற்றுநோய் வளர்ச்சியில் ஹார்மோன்களின் பங்கு: ஈஸ்ட்ரோஜன் கருதுகோள் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

மெலனோமா எனப்படும் நிறமிச்செல் புற்றுநோயைப் பெண் ஹார்மோனாகிய ஈஸ்ட்ரோஜன் வளர்க்கிறது என்னும் கருத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாக மருத்துவ உலகில் வழங்கி வருகின்றது. அக்கருத்தின் சான்றுகளை இக்கட்டுரை மதிப்பிடுகின்றது. நோய்த் தோற்றம், கட்டி வளர்ச்சி, பிழைப்புக் காலம், மருந்துக்கு இணங்கும் தன்மை ஆகிய நான்கு வினாக்களும் ஒன்றாகக் கலக்கப்பட்டதே குழப்பத்தின் ஊற்று என இக்கட்டுரை வாதிடுகின்றது.

திறவுச்சொற்கள்: மெலனோமா, ஈஸ்ட்ரோஜன், ஆண்ட்ரோஜன், ஏற்பி, நிறமிச்செல்.

முன்னுரை

கருவுற்ற பெண்களின் முகத்திலும் மார்புக் காம்பிலும் நிறம் அடர்வதை யாவரும் அறிவர். நிறமிச்செல்கள் ஹார்மோன்களுக்குச் செவிசாய்ப்பவை என்பதற்கு இதுவே போதிய சான்று. ஆனால், நிறம் கூடுவதிலிருந்து புற்று வளர்கிறது என்ற முடிவுக்குத் தாவுவது தருக்கப் பிழை. அத்தாவல் நிகழ்ந்த விதத்தையும் அதனால் நேர்ந்த விளைவையும் காண்பது இவ்வாய்வின் நோக்கமாகும்.

காக்கும் ஹார்மோன்

முதலில், ஐயத்திற்கு இடமில்லாத ஒன்றைக் குறிப்பிட வேண்டும். புறஊதாக் கதிர் தோலின் மேலடுக்குச் செல்களின் மரபுப்பொருளைச் சிதைக்கும்போது, பி53 புரதம் நிறமிச்செல் தூண்டு ஹார்மோனின் உற்பத்தியை முடுக்குகிறது. அந்த ஹார்மோன் நிறமிச்செல்லின் எம்சி1ஆர் ஏற்பியில் பொருந்திக் கருநிற மெலனினை உருவாக்கச் செய்கிறது. பி53 புரதத்தின் இப்பங்கு 2007-ல் தெளிவாக்கப்பட்டது. இவ்வேற்பி மரபுவழியில் வலுவிழந்திருக்கும் செந்தலையர்க்கு மெலனோமா இடர் மிகுதி. எனவே, நிறத்தைக் கூட்டும் ஹார்மோன் எதுவும் புற்றைக் கூட்டும் எனக் கொள்ள இயலாது. இங்கு நிறம் கூட்டும் ஹார்மோனே காவலாகவும் நிற்கிறது.

அச்சத்தின் வரலாறு

1951-ல் நியூயார்க்கிலிருந்து வெளிவந்த ஓர் ஆய்வு, கருவுற்ற நிலையில் மெலனோமா கண்ட பெண்களின் நோய்ப்போக்கு மோசமானது எனக் கூறியது. அதன் அடித்தளம் மிகச் சில நோயாளர்களே. எனினும், கருவுறுதலும் கருத்தடை மாத்திரையும் ஆபத்தானவை என்னும் எண்ணம் வேரூன்றியது. பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் இதனை ஆதரிக்கவில்லை. 2004-ல் வெளியான சுவீடன் ஆய்வு, கருவுற்ற காலத்தில் நோய் கண்டறியப்பட்ட 185 பெண்களை அதே வயதுடைய, கருவுறாத 5,348 பெண்களுடன் ஒப்பிட்டது. பிழைப்பில் வேறுபாடு இல்லை. அமெரிக்காவின் மகளிர் நல ஆய்வில், மாதவிடாய் நின்ற 27,347 பெண்களுக்குக் குலுக்கல் முறையில் ஹார்மோன் மருந்தோ போலி மாத்திரையோ வழங்கப்பட்டது. 2011-ல் வெளியான முடிவின்படி, இரு பிரிவிலும் தோல் புற்றின் நிகழ்வு வேறுபடவில்லை.

இங்கு ஒரு நடைமுறை ஆபத்தையும் சுட்ட வேண்டும். கருவுற்ற காலத்தில் மச்சம் கறுப்பது இயல்பே என்று சொல்லி மருத்துவர் கடந்துவிட்டால், கட்டி தடிக்கும் வரை நோய் கண்டறியப்படாது போகலாம். அத்தகைய தாமதத்தால் நேரும் இறப்பு ஹார்மோனின் கணக்கில் எழுதப்பட்டுவிடும். கருவுற்றவரானாலும், மாறும் மச்சத்தைத் திசு எடுத்துச் சோதிப்பதே முறை.

டமாக்சிஃபென்: கடன் வாங்கிய மாதிரி

மார்பகப் புற்றில் வெற்றி கண்ட டமாக்சிஃபென் மருந்து மெலனோமாவுக்கும் கொண்டுவரப்பட்டது. 1992-ல் 117 நோயாளரைக் கொண்ட இத்தாலியச் சோதனை, டகார்பசினுடன் இதனைச் சேர்த்தால் பயன் உண்டு என்றது. பெண்களிடம் பயன் மிகுதி என்றும் கூறியது. ஆனால், 1996-லும் 1998-லும் வெளியான பெரிய சோதனைகளில் அப்பயன் காணப்படவில்லை. தோல்வியின் வேர் கருதுகோளிலேயே உள்ளது. மார்பகப் புற்றின் ஆல்ஃபா வகை ஈஸ்ட்ரோஜன் ஏற்பி மெலனோமாவில் முதன்மையானதன்று. பீட்டா வகையே அங்கு மிகுதி. மேலும், டமாக்சிஃபென் செல்சவ்வில் உள்ள ஜிபிஇஆர் என்னும் மற்றொரு ஈஸ்ட்ரோஜன் ஏற்பியைத் தூண்டவும் வல்லது. 'ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து' என்ற ஒற்றைப் பெயர், ஏற்பிகளின் வேறுபாட்டை மறைத்துவிட்டது.

புதிய சான்றுகளும் அவற்றின் எல்லையும்

2018-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஜிபிஇஆர் ஏற்பியைத் தூண்டினால் நிறமிச்செல் முதிர்நிலை அடைந்து, பெருகும் இயல்பு குன்றுவதை எலிகளில் காட்டினர். நோயெதிர்ப்புச் சிகிச்சையின் பயனும் கூடியது. 2022-ல் வெளியான மற்றோர் ஆய்வு, ஆண்ட்ரோஜன் ஏற்பியைத் தடுத்தால் பிராஃப், மெக் தடுப்பு மருந்துகளின் பயன் ஆண், பெண் எலிகள் இரண்டிலும் உயர்வதைக் கண்டது. ஆக, கேள்வியே திசை மாறியுள்ளது: ஈஸ்ட்ரோஜன் காவலா, ஆண்ட்ரோஜன் பகையா?

இதனையும் எச்சரிக்கையுடனே ஏற்க வேண்டும். 2012-ல் வெளியான ஐரோப்பியக் கூட்டாய்வு, தொடக்க நிலை மெலனோமாவில் பெண்களின் இறப்பு இடர் ஆண்களைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவு எனக் கண்டது. கட்டியின் தடிமன் முதலியவற்றைக் கணக்கில் கொண்ட பின்னரும் இச்சாதகம் நீடித்தது. ஆயின், 60 வயது கடந்த பெண்களிடமும் அது காணப்பட்டது. ஈஸ்ட்ரோஜன் வற்றிய பின்னும் காவல் தொடர்வது எங்ஙனம்? கருவுறுதலால் நிறமிச்செல்லில் ஏற்பட்ட மாற்றம் நெடுநாள் நிலைப்பது ஒரு விடையாகலாம். அவ்வாறாயின், குழந்தை பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையே வேறுபாடு தெரிய வேண்டும். நோயெதிர்ப்பு ஆற்றலில் பாலினங்களுக்கிடையே உள்ள வேறுபாடு மற்றொரு விடையாகலாம். இரண்டையும் பிரித்தறியாமல் எலிச் சான்றை மனிதர்க்கு நீட்டுவது பழைய பிழையின் மறுபதிப்பே ஆகும்.

மற்றொரு எல்லையும் உண்டு. மேற்கண்ட மனித ஆய்வுகள் பெரும்பாலும் வெண்தோல் மக்களிடம் நிகழ்ந்தவை. கருந்தோல் மக்களிடம் மெலனோமா உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் ஒப்பளவில் மிகுதி. அங்குப் புறஊதாக் கதிரின் பங்கு சிறிது. அவ்வகைக் கட்டிக்கு இம்முடிவுகளை அப்படியே பொருத்துதல் தகாது.

முடிவுரை

ஹார்மோன் மாத்திரை மெலனோமாவின் தோற்றத்தைக் கூட்டுவதாகச் சமவாய்ப்புச் சோதனை காட்டவில்லை. கட்டி வளர்ச்சியில் ஹார்மோன் ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு. அதன் திசை ஏற்பிக்கு ஏற்பி மாறுகிறது. பெண்களின் பிழைப்புச் சாதகம் மெய்யானது. அதன் காரணம் இன்னும் முடிவாகவில்லை. மருந்துக்கு இணங்கும் தன்மை குறித்த சான்று நம்பிக்கை தருகிறது. அது பெரிதும் எலிகளிலிருந்து கிடைத்தது. இனிவரும் ஆய்வுகள் எந்த ஹார்மோன், எந்த ஏற்பி, நோயின் எந்தக் கட்டம் என்று பெயரிட்டுப் பேசுதல் வேண்டும். பாலினம், மாதவிடாய் நிலை, மகப்பேற்று வரலாறு ஆகியவற்றின்படி முடிவுகளைப் பிரித்துத் தருதலும் வேண்டும். 'ஹார்மோன் புற்றை வளர்க்கும்' என்ற பொதுவாக்கியம் ஆய்வுரையில் இடம்பெறத் தகுதியற்றது.