கேள்வி நேரம்வரை எழுந்து போகாதீர்கள்

பெங்களூரில் எம்.பி.ஏ. மாணவர்கள் மட்டுமா, என்ஜினீயரிங் படிக்கும் பிள்ளைகளும் இப்போது வகுப்பில் எழுந்து நின்று ஒரு தொழில் யோசனையைச் சொல்லியாக வேண்டும். 'பிட்ச்' என்பார்கள். சில நிமிடப் பேச்சு, கொஞ்சம் ஸ்லைடு, அப்புறம் கேள்விகள். பெற்றோராகவோ பழைய மாணவராகவோ உங்களுக்கும் அழைப்பு வந்தால் தாராளமாகப் போங்கள். டி.வி.யில் 'ஷார்க் டேங்க்' நிகழ்ச்சி பார்க்கிற எதிர்பார்ப்பை மட்டும் வீட்டில் வைத்துவிடுங்கள். அங்கே பேரம்தான் சுவாரஸ்யம். வகுப்பில் பணம் கைமாறுவதே இல்லை.

ஆரம்பத்தை மன்னித்துவிடலாம். மனப்பாடம் செய்த ஆங்கிலம் மூச்சுவிடாமல் வரும். 'சந்தை இத்தனை ஆயிரம் கோடி, அதில் ஒரு சதவீதம் பிடித்தால் போதும்' என்று ஒரு ஸ்லைடு அநேகமாக இருக்கும். (அந்த ஒரு சதவீதத்தைச் சும்மா விட்டுவைக்க யார் காத்திருக்கிறார்களோ!) காதைத் தீட்டிக்கொள்ள வேண்டியது குரல் மாறும் இடத்தில். பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதிகளில் வீணாகும் சாப்பாட்டைப் பற்றி ஒரு மாணவி பேசுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிராஃப் முடியும்வரை திரையைப் பார்த்தே பேசுவாள். "எங்க பி.ஜி.ல வெள்ளிக்கிழமை ராத்திரி பாதிப் பேர் ஊருக்குப் போயிடுவாங்க. சமையல் அக்காகிட்ட யாரும் சொல்றதில்ல. அவங்க எப்பவும்போல உலை வைப்பாங்க" என்னும்போது நம் பக்கம் திரும்புவாள். ஆங்கிலத்தில் தமிழும் கன்னடமும் கலந்துவிடும். பிட்ச் அங்கேதான் தொடங்குகிறது. அவள் கண்ணால் பார்த்த விஷயம் அது ஒன்றுதான்.

பஸ் டிக்கெட்டை ஆன்லைனில் விற்கும் ரெட்பஸ் பிறந்ததும் இப்படி நேரில் பட்ட அனுபவத்தில்தான். 2005 தீபாவளிக்கு ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்காமல் பெங்களூரிலேயே தங்கிவிட்டார் பணீந்திர சாமா என்ற இளம் என்ஜினீயர். பண்டிகைக்கு முந்தின ராத்திரி, ஊருக்குப் பஸ் ஏற மடிவாளாவில் பையோடு நின்ற தமிழர்களுக்கு அந்த வயிற்றெரிச்சலை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் திட்டிவிட்டுத் தூங்கப் போனோம். அவர் டிராவல்ஸ் ஏஜென்டுகளிடம் போய் விசாரித்தார். எந்த பஸ்ஸில் எத்தனை சீட் காலி என்று எந்த ஏஜென்டுக்கும் முழுசாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. பிட்ஸ் பிலானி நண்பர்கள் இருவரோடு சேர்ந்தார். ஆபரேட்டர்களுக்கு மென்பொருள் கொடுப்பதுதான் முதல் திட்டம். அவர்கள் அதைச் சீந்தவில்லை. சரி, டிக்கெட்டை நாமே விற்போம் என்று 2006-ல் இறங்கினார்கள். 2013-ல் ஐபிபோ குழுமம் ரெட்பஸ்ஸை வாங்கியது.

முதல் திட்டம் உடைந்ததும் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைக் கேள்வி நேரத்தில் கொஞ்சம் பார்க்கலாம். அதனால்தான் சொல்கிறேன், ஸ்லைடு முடிந்ததும் காபிக்கு ஓடாதீர்கள். நீங்களே ஒன்று கேளுங்கள்: "இப்போ இந்தச் சிக்கலை ஜனங்க எப்படிச் சமாளிக்கிறாங்க?" லாபக் கணக்கை உலுக்குவதைவிட இது நல்ல கேள்வி. "அதெல்லாம் ஆப் பார்த்துக்கும் சார்" என்று பதில் வந்தால், வெளியே போய் யாரிடமும் பேசவில்லை என்று அர்த்தம். "யோசிக்கல மேடம், கேட்டுட்டு வந்து சொல்றோம்" என்றால் மதிப்பெண்ணைக் கூட்டிப் போடலாம். பதில் வரும் முன் அணியைக் கவனியுங்கள். மற்ற எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தால், வேலை செய்தது யாரென்று தெரிந்துவிடும்.

ஸ்லைடு அழகுக்கு நான் மார்க் போடுவதில்லை. பத்து ஸ்லைடு, இருபது நிமிடம், முப்பது பாயின்ட் எழுத்து என்றார் அமெரிக்க முதலீட்டாளர் கை கவாசாகி. நம் பிள்ளைகள் பத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்தில் திணிக்கிறார்கள்.

முடிந்ததும் எல்லோரும் கைதட்டுவார்கள், நீங்களும் தட்டுங்கள். பி.ஜி. நடத்துகிற யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், போன் நம்பரை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.